முன்னால் நின்று மறிப்பவன்

செல்வராசு, இதை எழுதுவது உன் அப்பா. எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. இதுவரை உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் நான் சொல்லச் சொல்ல மளிகைக்கடைக்காரர்தான் எழுதினார். நான் சொன்னது பாதி, அவர் சேர்த்தது பாதி. இது அப்படி இல்லை, முழுக்க என் கை. முதல் பக்கம் நிரம்பியதும் எழுந்து நின்று கொஞ்ச தூரத்தில் வைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அறுபதைத் தாண்டியவன், ஆயுசு முழுக்க ஆட்டின் பின்னால் நடந்தவன், ஒரு பக்கம் எழுதிவிட்டேன் பார். இப்போது எதைக் கண்டாலும் படிக்கிறேன். சிமெண்ட் மூட்டை, தீப்பெட்டி, செவுத்தில் ஒட்டிய கல்யாணப் பத்திரிகை, எதையும் விடுவதில்லை. போன மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் கண்டக்டர், "பெரியவரே, இது குன்னம் போவாது, எறங்குங்க" என்றார். "போர்டுல குன்னம்னுதானே போட்டிருக்கு?" என்றேன். இறங்கிப் போய்ப் பார்த்தவர், "மாத்தி மாட்டிட்டானுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். போர்டைப் படித்துவிட்ட பெருமையில் நான் இறங்கவே இல்லை, வழி முழுக்க எனக்கு அந்தச் சந்தோசம் இருந்தது. கடைசியில் இறங்கிய பிறகுதான் அது குன்னம் இல்லை, வேறு ஊர் என்பது புரிந்தது. படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, சொல்வதையும் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

சாயங்கால வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவது லப்பைக்குடிக்காட்டு பாத்திமா டீச்சர். அவர் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். "அய்யா, உங்க எழுத்து மேச்சலுக்குப் போவுது, கோட்டுக்குள்ள மடக்குங்க" என்று என்னைக் கேலி செய்வார். இந்த வயசில் எதற்கு இவ்வளவு அவசரமாகப் படிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டார். மகனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றேன். "யாரையாச்சும் எழுதச் சொல்லலாமே?" என்றார். "இது அடுத்த ஆள் கையில் குடுக்கிற கடிதம் இல்லம்மா" என்றேன். அன்றிலிருந்து எனக்கு மட்டும் ஒரு பாடம் கூடுதலாக நடத்தினார்.

விசயம் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணம் ஆவணிக்கு என்று முடிவானதும் கடைப் போனுக்கு நீ பேசினாய். பந்தல், சமையல்காரர் எல்லாம் பேசி முடித்த பிறகு, மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்கிற சடங்கைப் பற்றி நான் கேட்டேன். "அதெல்லாம் அத்தை வைக்கட்டும்பா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். உன் அம்மா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்தப் போனில் பேசுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததில்லை. நம் சனத்தில் பெற்றவள் இருக்கும்போது மாப்பிள்ளை தலையில் முதல் எண்ணெயும் முதல் சொம்புத் தண்ணீரும் வேறொருத்தி கையால் விழுந்ததில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் அவள், "அவன் சொல்றதுதாங்க சரி. எங் கையி எதுக்கு அவன் தலையில?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இத்தனை பாடுபட்டு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த முதல் சொம்பை உன் அம்மாதான் ஊற்ற வேண்டும், தம்பி. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல, உனக்குத் தெரிந்த கதையையே உனக்குத் தெரியாத பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

குமரேசன் பிறந்தபோது நீ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாய். உனக்குப் பிறகு இனி இல்லை என்று நாங்கள் விட்டுவிட்ட காலத்தில் வந்த பிள்ளை. கொழுகொழுவென்று இருந்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் அவனைத் தூக்குவாய். தவழ்கிற வயசுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, உன் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, அவனை முழங்காலில் கவிழ்த்துப் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினாள். உன்னைக் குளிப்பாட்டிய மாதிரிதான். பாதியில் அவன் ஒரு பக்கக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே போய்விட்டது. நீயும் நானும் ஓடி வருவதற்குள் சோப்புநுரையோடு அவனை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த வலிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. அதன் பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பிள்ளைக்கு உடம்பில் சூடு ஏறிப்போச்சு என்பதில் மட்டும் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். சூடு தணிய என்ன செய்வோம் நாம்? எண்ணெய் வைத்து வெந்நீரில் தலை முழுக்காட்டுவோம். வேறென்ன தெரியும் நமக்கு? அதனால் வாரம் ஒரு தரம் இருந்த எண்ணெய்க் குளியல் இரண்டு தரமானது. நல்லெண்ணெய் போய் விளக்கெண்ணெய் வந்தது. குளிப்பாட்டுகிற நாளில் பெரும்பாலும் இழுத்தது. இழுத்தால் இன்னும் சூடு இறங்கவில்லை என்று அடுத்த முறை இன்னும் நன்றாகத் தேய்த்தாள். நானும் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து அண்டாவை நிரப்பினேன். விறகு வெட்டிக் கொடுத்தது நீ. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அந்த அடுப்பை மூட்டியது ஒரு கை இல்லை என்று சொல்கிறேன்.

பெரம்பலூரில் காட்டினோம், அரியலூரில் காட்டினோம். போகிற இடத்தில் எல்லாம் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "குடும்பத்துல யாருக்காச்சும் வலிப்பு உண்டா?" இல்லை என்று நான் சொல்வேன். உன் அத்தை கூட வந்திருந்தால் சும்மா இருக்க மாட்டாள். "இவ தாய்மாமன் ஒருத்தன் கெணத்துல உழுந்து செத்தானே, அது வலிப்பு வந்துதான் உழுந்தான்னு ஊரே சொல்லுச்சு" என்பாள். அந்த மனுசன் சாராயம் குடித்துவிட்டு விழுந்தான். ஆனால் சொல்லச் சொல்ல அதுவே நின்றுபோனது. உன் அம்மா வீட்டு ரத்தம், உன் அம்மா கை வெந்நீர். இரண்டும் சேர்ந்து அவள் தலையில் உட்கார்ந்துவிட்டன. மாத்திரை கொடுத்தார்கள். நாங்களும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தோம். அதைத் தின்ற பிறகு வலிப்பு கூடியது. நின்ற இடத்தில் திடீர் திடீரென்று தூக்கிப் போடுவதும் புதிதாக வந்தது. உடனே மாத்திரையைக் கூட்டினார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது நல்ல மருந்துதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நடக்க ஆரம்பித்தவன் தள்ளாடினான். "ண்ணா" என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், அந்த ஒரு சொல்லையும் விட்டுவிட்டான். அப்போது நீ பாலிடெக்னிக்கில் இருந்தாய். விடுமுறைக்கு வந்து, "ண்ணா சொல்லுடா, ண்ணா சொல்லு" என்று அவன் முன்னால் உட்கார்ந்து கெஞ்சியதை நான் ஆட்டுப் பட்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருச்சியில் பிள்ளைகளின் மூளை நோய் பார்க்கிற ஒரு டாக்டரம்மா வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போனது, நீ ஓசூர் கம்பெனியில் சேர்ந்த பிறகு. நல்ல வெயில் நாள். வரிசையில் நின்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அந்த அம்மா பையனைப் பார்த்தார். எதெது செய்தால் வலிப்பு வருகிறது என்று பொறுமையாகக் கேட்டார். காய்ச்சல் வந்தால், வெயிலில் நின்றால், வெந்நீரில் குளிப்பாட்டினால் என்று உன் அம்மா சொன்னாள். வெந்நீர் என்று சொல்லும்போது அவள் குரல் உள்ளே போய்விட்டது. டாக்டரம்மா திடீரென்று என் பக்கம் திரும்பி, "உங்க நெத்தியில என்ன தழும்பு?" என்று கேட்டார். என் இரண்டு புருவத்துக்கு நடுவில் ஒரு காசு அகலத்துக்குத் தழும்பு உண்டு, நீ பார்த்திருப்பாய். திருநீறு பூசினால் தெரியாது. அன்று வியர்வையில் திருநீறு போய்விட்டது. "சின்னப் புள்ளையில மாந்தம் வந்துச்சாம்மா, அதுக்கு சூடு போட்டாங்க" என்றேன். "மாந்தம்னா எப்படி வந்துச்சு? யாராச்சும் பாத்தவங்க இருக்காங்களா?" என்றார். இருக்கிறாள், என் அக்கா.

ஊருக்கு வந்ததும் உன் அத்தையிடம் போய்க் கேட்டேன். "ஏக்கா, எனக்கு எதுக்கு நெத்தியில சூடு போட்டாங்க?" வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். "மாந்தம்டா உனக்கு. காச்சல் வந்தாப் போதும், கையி காலு வெட்டி வெட்டி இழுக்கும், கண்ணு மேல சொருவிக்கும். எத்தன தடவ! நான்தான் உங் காலப் புடிச்சுக்கிட்டேன், நம்ம மாமா மஞ்சளக் காச்சி நெத்தியில வச்சாரு. அதோட..." அங்கே நிறுத்திவிட்டாள். கையில் இருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இத்தனை வருசம் டாக்டர்கள் கேட்டதற்கெல்லாம் இல்லை என்று சொன்னது நான்தான். பொய் சொல்லவில்லை. நம்மைப் பொறுத்தவரை வலிப்பு வேறு, மாந்தம் வேறு. மாந்தம் சூடு போட்டால் போய்விடுகிற குழந்தைச் சீக்கு. எனக்கும் வளர வளரப் போய்விட்டது. போனது சூடு போட்டதால்தான் என்றுதான் நம் குடும்பமே நம்பியது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா எங்கள் மூன்று பேர் ரத்தமும் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைத் துடைத்தால் போதும் என்றார். இது என்ன நோய் என்று கேட்டேன். "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். செம்மறி மேய்க்கிறேன் என்றேன். "பட்டி ஆட்டை ரோட்டுல எப்படி ஓட்டிட்டுப் போவீங்க?" பின்னால் ஒருத்தன் ஓட்டுவான், முன்னால் ஒருத்தன் கம்பை நீட்டி மறித்துக்கொண்டு போவான், இல்லாவிட்டால் எதிர்ப்படுகிற மக்காச்சோளக் காட்டில் எல்லாம் புகுந்துவிடும் என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதேதாங்க. மூளையிலயும் ஓட்டுறவன் இருக்கான், மறிக்கிறவன் இருக்கான். ஒரு நரம்பு அடுத்த நரம்பைப் போ போங்கும். இன்னொரு நரம்பு நில்லு நில்லுங்கும். ரெண்டும் சரியா இருந்தாத்தான் மந்தை ஒழுங்காப் போவும். உங்க பையனுக்கு மறிக்கிறவன் கை ஓஞ்சிருக்கு. பொறவியிலயே அப்படி. சாதாரண நாள்ல எப்படியோ சமாளிப்பான். உடம்பு சூடானா கையை விட்டுடுவான், மொத்த மந்தையும் ஒரே நேரத்துல ஓடும். அந்த ஓட்டம்தான் வலிப்பு."

"அப்ப முன்ன குடுத்த மாத்திரை ஏம்மா கேக்கல?" என்றாள் உன் அம்மா. "அது ஆள் பாக்காம எல்லார் கையையும் கட்டுற மருந்தும்மா. மத்தப் பிள்ளைங்களுக்கு ஓட்டுறவன் கையைக் கட்டினாச் சரியாப் போயிடும். உங்க பிள்ளைக்கு ஏற்கெனவே ஓஞ்சு கெடக்கிற மறிக்கிறவன் கையையும் சேத்துக் கட்டிருச்சு. இப்ப நான் குடுக்கிறது மறிக்கிறவனுக்குத் தெம்பு குடுக்கிற மருந்து." பேச்சு ஏன் வரவில்லை என்றும் நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அன்றைக்கு நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. "ஒரு வார்த்தை பேசணும்னா வாய்க்கு வர்ற மத்த வார்த்தையை எல்லாம் மூளை நிறுத்தி வைக்கணும். ஒரு காலை வைக்கணும்னா இன்னொரு காலை நிறுத்தி வைக்கணும். நிறுத்தத் தெரிஞ்சாத்தான் எதையும் செய்ய முடியும்" என்றார். புது மருந்தில் குமரேசனுக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. நோயே போய்விடும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அந்த வருசம் அவன் சிரித்தான். ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டு பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். உன் அம்மா அவனை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அவன் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த ஐப்பசி மாத விடியற்காலையில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. எழுப்பப் போனவள் உன் அம்மா. அது மட்டும் போதும். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் இல்லை, குளிப்பாட்டவும் இல்லை. இந்த நோய் உள்ள பிள்ளைகளில் சிலர் இப்படித் தூக்கத்திலேயே போய்விடுகிறார்கள் என்று டாக்டரம்மா பின்னால் சொன்னார். ஓசூரிலிருந்து நீ வந்து சேர்ந்தபோது மழையும் சேர்ந்து வந்தது. அவனை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்த பிறகு வாசலில் சனங்களுக்கு நடுவில் நின்று உன் அம்மாவிடம் சொன்னாய். "நீ வெந்நி ஊத்தி ஊத்தியேதாம்மா அவன் மூளைய அவிச்ச." உனக்குக் கோபம் இல்லை, துக்கம்தான் என்று எனக்குத் தெரியும். கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட ஒரு சொல் கிடைக்காமலே போய்விட்டவன் நீ. அது உன் வாயிலிருந்து ஓடிவிட்டது. அதற்குப் பிறகு நீ போனில் என்னிடம் பேசினாய், அவளிடம் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. படித்தவன் சொல்லிவிட்டான், அதனால் அது உண்மை என்று எடுத்துக்கொண்டாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, மீந்திருந்த மருந்து பாட்டில்களை வேறு பிள்ளைகளுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டு நான் தனியாகத் திருச்சிக்குப் போனேன். டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். ரத்த முடிவு வந்துவிட்டது. குமரேசனுக்கு இருந்த பழுது என்னிடம் இருக்கிறது. உன் அம்மாவிடம் இல்லை. எனக்குச் சின்ன வயசில் வந்துபோனதும் அவனைக் கொண்டுபோனதும் ஒரே வேர். என்னிடம் லேசாகத் தங்கியது அவனிடம் பலமாக இறங்கிவிட்டது. ஏன் ஒருவருக்கு லேசாகவும் ஒருவருக்குப் பலமாகவும் வருகிறது என்று தனக்கே முழுசாகத் தெரியாது என்றார். வெந்நீரைப் பற்றி நான்தான் கேட்டேன். "வெந்நியால நோய் வரலைங்க. நோய் இருந்ததால வெந்நி தாங்கல. அன்னிக்கு அந்தத் தண்ணி படலேன்னா அடுத்து வந்த காச்சல்ல வந்திருக்கும். எந்தத் தாய் ஊத்தியிருந்தாலும் இந்தப் பிள்ளைக்கு இது இருந்திருக்கும்" என்றார். சில வலிப்பை அந்தத் தண்ணீர் கூப்பிட்டது உண்மை. அதை நான் மறைக்கவில்லை, டாக்டரம்மாவும் மறைக்கவில்லை. அவனுடைய மூளையை அது அவிக்கவில்லை, தம்பி. அவனுக்குள் மறிக்கிறவன் பிறக்கும்போதே கை ஓய்ந்து பிறந்தான். அந்தக் கை என்னிடமிருந்து போனது.

அன்று சாயங்காலமே உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "குட்டி செத்தாக்கூட எனக்குத் தெரியாம பொதைச்சுட்டு, சந்தையில வித்துட்டேன்னு சொல்ற ஆளு நீங்க. இதுல மட்டும் உண்மையச் சொல்லிருவீங்களா?" என்றாள். "டாக்டரம்மா சொன்னாங்க புள்ள" என்றேன். "சொன்னதா நீங்க சொல்றீங்க. எம் பாரத்த நீங்க தூக்கிக்கலாம்னு பாக்குறீங்க" என்று எழுந்து போய்விட்டாள். குட்டி விசயம் உண்மைதான். அவள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள் என்று அப்படிச் சொல்வேன். அவள் அதையெல்லாம் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு எத்தனை முறை சொல்லியும் பயன் இல்லை. உன்னிடம் போனில் சொல்லலாம் என்றால் அது கடை. இந்தக் குடும்பத்து ரத்தத்தில் இப்படி ஒன்று ஓடுகிறது என்று அங்கே நின்று நான் பேசினால், பொழுது சாய்வதற்குள் உனக்குப் பெண் பார்க்கிற எல்லா வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். அதனால்தான் சிலேட்டை வாங்கிக்கொண்டு பாத்திமா டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

எழுதக் கற்றபோதுதான் அந்த அம்மா சொன்னது எனக்கு விளங்கியது. பேனாவை ஓட விடுவது சுலபம், எவனும் ஓட்டுவான். வளைகிற இடத்தில் நிறுத்தி, தூக்கி, அடுத்த எழுத்துக்குக் கொண்டுபோவதில்தான் உயிர் போகிறது. என் கை நிற்கத் தெரியாமல் கோட்டைத் தாண்டி ஓடும்போதெல்லாம் குமரேசனை நினைத்துக்கொள்வேன். ஒரு சொல்லுக்கு அவன் எவ்வளவு பாடுபட்டிருப்பான்! அவன் உன்னைக் கூப்பிட்டதை மறந்துவிடவில்லை. அவனுக்குள் எல்லாச் சத்தமும் ஒரேயடியாக ஓடி வந்தன, அவற்றை மறித்து அந்த ஒன்றை மட்டும் வெளியே விட அவனிடம் ஆள் இல்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று எனக்கு ஆசை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது என்னிடமிருந்து உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பூவா தலையா என்பதுபோலத்தான் என்கிறார் டாக்டரம்மா. உனக்குச் சின்ன வயசில் வலிப்பு வந்ததில்லை. அதை வைத்து மட்டும் இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். இருந்தாலும் உன் பிள்ளைக்குக் குமரேசன் மாதிரி ஆகும் என்றும் கிடையாது. என்னையே பார், காடு மேடெல்லாம் சுற்றி, நனைந்து காய்ந்து, இந்த வயசுக்கு வந்து எழுதவும் கற்றுக்கொண்டேன். ரத்தம் கொடுத்துப் பார்ப்பதும் பார்க்காததும் உன் விருப்பம். ஆனால் நீ கட்டப்போகிற ஜெயங்கொண்டத்துப் பொண்ணிடம் கல்யாணத்துக்கு முன்னால் நீயே சொல்லிவிடு. அவள் வீட்டுக்கு நான் போய்ச் சொல்லமாட்டேன், அது உன் வாயால் வர வேண்டியது. அவள் யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்கட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலும் பந்தல்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு ஒரு காய்ச்சலில் கண் மேலே போனால், உன் அம்மா நின்ற மாதிரி அந்தப் பொண்ணு ஒன்றும் தெரியாமல் வாசலில் நிற்கக்கூடாது. முதலிலேயே தெரிந்தால் எந்த டாக்டரிடம் போக வேண்டும், எந்த மாத்திரையைக் கொடுக்கக்கூடாது என்றாவது தெரிந்திருக்கும். நமக்கு அது தெரிந்திருந்தால் அவன் உன்னைக் கூப்பிடுவதை விட்டிருக்க மாட்டானோ என்னவோ. அதை நினைத்தால் எனக்குப் பேனா ஓடவில்லை.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நான் எழுதி நானே படிப்பதை அவள் முதல் தடவை கேட்கிறாள். கூட்டிக்கூட்டிப் படித்ததில் பொழுது போய்விட்டது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உன் அத்தை வெங்காயத்தோடு பாதியில் நின்றுபோன இடம் வந்ததும், "அத எழுதுனீங்களா? நல்லா பெரிசா எழுதுங்க" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்த மாதிரி இருந்தது. பிறகு ஐப்பசி வந்தது, அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நான் நிறுத்தினேன். "படிங்க" என்றாள். முழுசும் கேட்டாள். கேட்டுவிட்டு, "எழுத்துலயும் பொய் எழுதலாம்ல?" என்றாள். நான் தாள்களை அடுக்கினேன். அவளே சொன்னாள். "அவன் வரட்டும். டாக்டரம்மா சொல்றத அவங் காதால கேக்கட்டும். கேட்டுட்டு, எம்மேல தப்பில்லன்னு அவனுக்குத் தோணுச்சுன்னா, அவன் வாயால எங்கிட்ட சொல்லட்டும். நானும் வரேன்." எழுதிய மனுசனை நம்பாதவள், இதை வாங்கிப் படிக்கப்போகிற உன்னை நம்புகிறாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டரம்மா இருக்கிறார், கேட்டுவிட்டேன். நீ வியாழக்கிழமை ராத்திரி ஓசூரில் பஸ் ஏறினால் விடியும்போது பெரம்பலூரில் இறங்கலாம். நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் இருப்போம், திருச்சி பஸ் எது என்று இந்தத் தடவை சரியாகப் படித்து வைக்கிறேன். குமரேசனைக் கூட்டிக்கொண்டு போன நாளில் எல்லாம் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் உன் அம்மா, இந்தப் பக்கம் நான், நடுவில் அவன் உட்கார்ந்து வருவான். அவன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த பஸ்ஸில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை நடுவில் நீ உட்கார், தம்பி.